பெபிள்ஸ்: ஒரு சித்திரக் குழந்தையின் பிறப்பும் பொம்மைச் சந்தையும்

இலக்கியமாயினும் நாடகமாயினும், அதில் உலாவும் ஒரு பாத்திரத்தின் தோற்றத்தை ஆசிரியனின் உள்ளக்கிடக்கையிலோ கதையின் உள்ளார்ந்த தேவையிலோ தேடுவதே திறனாய்வு மரபு. வெகுசனத் தொடர்புச் சாதனங்களைப் பொறுத்தவரை இம்மரபு பல சந்தர்ப்பங்களில் எமக்குக் கைகொடுப்பதில்லை. படைப்பாளிக்கும் பாத்திரத்துக்கும் இடையில் மூன்றாவது சக்தியொன்று, சில வேளைகளிற் படைப்பாளியினும் வலிமை வாய்ந்ததாக, நின்று தொழிற்படுவதே இதற்குக் காரணமாகும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் சித்திர நகைச்சுவைத் தொடரான ‘த பிளின்ற்ஸ்ரோன்ஸ்’ இல் 1963 ஆம் ஆண்டு பிறந்த பெபிள்ஸ் என்னும் பெண்குழந்தையின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றோம். கேலிச்சித்திரக் குழந்தையொன்று ஆய்வுக்குரிய பொருளாகுமா என வினவுவோர் இருக்கலாம். பல தலைமுறைச் சிறுவர்கள் கண்டு வளர்ந்த ஒன்றை ஆய்வாளர் காணாதிருப்பதே எமக்கு வியப்பளிக்கின்றது.

தொடரின் பின்னணியை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். எம்.ஜி.எம். நிறுவனம் தனது சித்திரப்படப் பிரிவை 1957 இல் மூடியபோது வேலையிழந்த வில்லியம் ஹானா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் அதே ஆண்டில் தமது சொந்த நிறுவனத்தை அமைத்தனர். திரையரங்குப் படங்களுக்குரிய செலவிற் சிறு பங்கேனும் தொலைக்காட்சியிற் கிட்டாது. எனவே உடல் அசையாதிருக்க வாயும் கையும் மட்டும் அசையும் சிக்கன முறையொன்றை அவர்கள் கையாண்டனர். இம்முறையில் உருவான ‘பிளின்ற்ஸ்ரோன்ஸ்’ 1960 செப்ரெம்பர் 30 ஆந் திகதி ஏ.பி.சி. அலைவரிசையில் மாலை நேர நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1966 ஏப்ரில் வரை 166 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. மாலை நேரத்தில் அரைமணி நேரத் தொடராக வந்த முதலாவது சித்திர நகைச்சுவை இதுவே.

கதை நிகழுமிடம் பெட்றொக் என்னும் கற்கால நகரம். ஆயினும் அங்கு வாழ்வோர் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய அமெரிக்கப் புறநகரின் மத்தியதர மாந்தரே. கற்குவாரியிற் கூலிக்கு உழைக்கும் பிறெட், அவன் மனைவி வில்மா, அயலவரான பார்னி, பெற்றி தம்பதியர் ஆகிய நால்வரே முதன்மைப் பாத்திரங்கள். வீட்டு உபகரணங்கள் யாவும் உயிருள்ள விலங்குகள். பறவையின் அலகு இசைத்தட்டின் ஊசியாகின்றது. யானையின் தும்பிக்கை நீர்க்குழாயாகின்றது. அவ்வப்போது அவ்விலங்குகள் பார்வையாளரை நோக்கித் திரும்பி, வயிற்றுப் பிழைப்புக்காகவே இவ்வேலையைச் செய்வதாக அலுத்துக்கொள்வதுமுண்டு. நுகர்பொருளின் பின்னே மறைந்திருக்கும் உழைப்பாளி வாய்திறந்து பேசும் அபூர்வமான இடங்கள் இவை. எழுதியோர் இவ்வளவு தூரம் எண்ணியிருப்பர் என நாம் வாதிடவில்லை.

தொடக்கத்தில் இத்தொடர் வளர்ந்தோரை நோக்கியே அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலிரு பருவங்களில் அதன் விளம்பரதாரர்களுள் ஒன்று வின்ஸ்ரன் சிகரெட்டு. மனைவியர் முற்றத்தில் வேலைசெய்ய, பிறெட்டும் பார்னியும் வீட்டின் பின்புறம் ஒதுங்கி நின்று வின்ஸ்ரன் புகைக்கும் விளம்பரப்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது. அன்று அது யாருக்கும் உறுத்தலாகத் தோன்றியிருக்காது. தொழில்முடிந்து வீடு திரும்பிய குடும்பத் தலைவனே நிகழ்ச்சியின் இலக்கு. சிகரெட்டு வாங்குபவன் அவனே.

இச்சூழலில் 1963 பெப்ரவரி 22 ஆந் திகதி ஒளிபரப்பான பகுதியில் வில்மாவுக்குக் குழந்தை பிறக்கின்றது. செந்நிறத் தலைமயிரை உச்சியிற் குடுமியாகக் கட்டி, அதில் ஓர் எலும்பைச் செருகிய பெண்குழந்தை. பெயர் பெபிள்ஸ், அதாவது கூழாங்கற்கள். வில்மாவுக்குக் குரல் கொடுத்த ஜீன் வான்டர் பில் என்பவரே குழந்தைக்கும் குரல் கொடுத்தார்.

இப்பிறப்பின் பின்னணி பற்றி பார்பெரா பிற்காலத்திற் கூறிய செய்தியே எமது ஆய்வின் மையம். பிறக்கவிருந்தது முதலில் ஆண்குழந்தை. தந்தையை உரித்துவைத்தாற்போன்ற ஒரு மகன். நியூயோர்க்கிலிருந்த தமது வணிக உரிமைப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, ஐடியல் பொம்மைக் கம்பனியுடன் பேசிக்கொண்டிருப்பதாகவும், பிறக்கவிருப்பது பெண்ணாயின் பொம்மை வியாபாரத்தில் நல்ல இலாபம் கிட்டுமென்றும் கூறினாராம். அக்கணமே அது பெண்ணாயிற்று என்கிறார் பார்பெரா. பல்லாண்டுகளின் பின், கதைசொல்வதில் வல்லவரான ஒருவர் நினைவிலிருந்து கூறியதாகையால், உரையாடலின் நுணுக்கங்களை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஐடியல் கம்பனியின் பெபிள்ஸ் பொம்மை அதே 1963 இல் கடைகளுக்கு வந்தமை அவர் கூற்றின் சாரத்தை உறுதிப்படுத்துகின்றது. பொம்மையொன்றை வார்த்துச் சந்தைக்கு அனுப்ப முன்கூட்டிய ஏற்பாடு வேண்டும். திரையிற் குழந்தை புகழ்பெற்ற பின்னர் தொடங்கிய முயற்சியாக இதனைக் கொள்வது கடினம்.

எமது பிள்ளைத்தமிழ் இலக்கியம் பத்துப் பருவங்களுள் முதலேழையும் இருபாலார்க்கும் பொதுவாக்கி, இறுதி மூன்றில் மட்டுமே ஆண்பால் பெண்பால் எனப் பிரியும். சிறுபறையும் சிறுதேரும் ஆணுக்கு, அம்மானையும் ஊசலும் பெண்ணுக்கு என விளையாட்டே பால் வேறுபாட்டின் அடையாளமாகின்றது. அங்கே பிள்ளை முன்னே வர விளையாட்டுப் பொருள் பின்னே வருகின்றது. பெட்றொக்கில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. விளையாட்டுப் பொருள் முன்னே நின்று பிள்ளையின் பாலைத் தீர்மானித்தது. பொம்மை என்றாற் பெண்பிள்ளைக்குரியது என்பதே அன்றைய அமெரிக்கச் சந்தையின் விதி. மற்றெல் கம்பனியின் பார்பி 1959 இல் வந்து அவ்விதியைப் பெருந் தொழிலாக்கியிருந்தது. ஆண்பிள்ளைகளுக்கான ‘ஜீ.ஐ. ஜோ’ என்னும் இராணுவ வீரன் உருவம் 1964 இலேயே அறிமுகமாயிற்று. அப்போதும் அதனைப் ‘பொம்மை’ என அழைக்க உற்பத்தியாளர் அஞ்சினர். எனவே பெபிள்ஸ் பெண்ணாகப் பிறந்தமை பெண்குலத்துக்குக் கிடைத்த மதிப்பு எனக் களிகொள்வதற்கில்லை.

இதனாற் கதையம்சத்தில் மனிதப் பண்பே இல்லையெனக் கூறின் அது குறுகிய நோக்காகும். 1953 ஜனவரியில் ‘ஐ லவ் லூசி’ தொடரிற் கதாநாயகி தாயானபோது, ‘கர்ப்பம்’ என்ற சொல்லையே தொலைக்காட்சியிற் சொல்ல விடவில்லை. பத்து ஆண்டுகளின் பின் சித்திரப்படமொன்று தாய்மையையும் பதறும் தந்தையையும் பல வாரங்களுக்குக் கருப்பொருளாக்கியமை ஒரு முன்னேற்றமே. அதனினும் ஆழமானது 1963 ஒக்ரோபரில் வந்த பகுதி. பெபிள்ஸின் வரவு அயல்வீட்டிலிருந்த வெறுமையைப் புலப்படுத்துகின்றது. பிள்ளையற்ற பார்னியும் பெற்றியும் விண்மீனை நோக்கி வேண்டுகின்றனர். வாசலிற் கிடந்த பம்-பம் என்னும் ஆண்குழந்தையைத் தம் மகனாக்க வழக்காடுகின்றனர். நகைச்சுவைச் சித்திரமொன்று மகப்பேறின்மையின் துயரைப் பேசியது சாதாரணமானதன்று. இப்பகுதிகளை எழுதிய கலைஞருக்குச் சந்தையின் கட்டளைக்குள்ளும் ஓரளவு இடமிருந்தது என்பதே எமது கருத்து. எனினும் பம்-பம் கையிற் கதாயுதத்துடன் அசுர பலம் கொண்டவனாகவும், பெபிள்ஸ் கொஞ்சும் பதுமையாகவும் அமைந்தமை அவ்விடத்தின் எல்லையையும் காட்டுகின்றது.

குழந்தையின் வரவோடு நிகழ்ச்சியின் முகவரியே மாறத் தொடங்கியது. சிகரெட்டு இருந்த இடத்துக்கு வெல்ச் நிறுவனத்தின் திராட்சைப் பானம் வந்தது. 1967 முதல் பழைய பகுதிகள் சனிக்கிழமைக் காலைகளிற் சிறுவருக்கென மறுஒளிபரப்பாயின. மைல்ஸ் மருந்துக் கம்பனி 1968 இல் பாத்திரங்களின் வடிவிலமைந்த விற்றமின் மாத்திரைகளை விற்கலாயிற்று. 1971 ஆம் ஆண்டு எல்லாம் ஒருங்கு சேர்கின்றன. அவ்வாண்டு ஜனவரியில் சிகரெட்டு விளம்பரம் அமெரிக்க ஒலி, ஒளிபரப்பிலிருந்து சட்டத்தால் நீக்கப்பட்டது. செப்ரெம்பரில் பெபிள்ஸும் பம்-பம்மும் பதின்வயதினராகத் தோன்றும் தனித்தொடர் தொடங்கிற்று. பாலிற் கலந்துண்ணும் இனிப்புத் தானியம் ‘புறூற்றி பெபிள்ஸ்’ என்னும் பெயரில் போஸ்ற் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. தகப்பனின் சட்டைப்பையை நோக்கி நின்ற கதைமாந்தர் பத்தாண்டுக்குள் பிள்ளையின் பிடிவாதத்தை நோக்கித் திரும்பினர்.

இம்மாற்றத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. பெற்றோரை அங்கமாகக் கொண்டு 1968 இல் மசசூசெற்ஸ் மாநிலத்தில் உருவான ‘சிறுவர் தொலைக்காட்சிக்கான செயலணி’ என்னும் இயக்கம், மருந்தை மிட்டாய்போற் காட்டுவது பிள்ளைகளுக்கு ஆபத்தென வாதாடிற்று. அதன் விளைவாக 1972 இல் விற்றமின் கம்பனிகள் சிறுவர் நிகழ்ச்சிகளிலிருந்து தமது விளம்பரங்களை விலக்கிக்கொண்டன. தானியப் பெட்டியை எவரும் அசைக்க முடியவில்லை.

அப்பெட்டியைச் சற்று உற்றுநோக்குதல் தகும். அதிலுள்ள பெயர் பெபிள்ஸினுடையது. படமோ பெரும்பாலும் பிறெட்டினுடையது. விளம்பரப் படங்களிலும் பிறெட்டின் தானியத்தைக் களவாட முயலும் பார்னியே கதையை நடத்துகின்றான். பெயருக்குரியவள் அங்கில்லை. விற்றமின் போத்தலிலோ நிலைமை வேறு. அங்கே குழந்தைகள் இருவரும் உண்டு, வளர்ப்பு விலங்கு உண்டு, பிறெட்டின் மோட்டார் வண்டியும் உண்டு. பெற்றி மட்டும் 1990களின் நடுப்பகுதிவரை இல்லை. நுகர்வோர் எழுப்பிய குரலின் பின்னரே வண்டியை அகற்றி அவளுக்கு இடமளித்தனர்.

1993 இல் வந்த தொலைக்காட்சிப் படமொன்றிற் பெபிள்ஸும் பம்-பம்மும் மணமுடிக்கின்றனர். அதில் பம்-பம் வண்டி திருத்துமிடத்தில் வேலைசெய்கின்றான். வளர்ந்து ஆளாகிய பெபிள்ஸுக்குக் கதாசிரியர் தேர்ந்த தொழில், விளம்பரத் துறை.