பல்லவ அரசியின் ஆடை

தொலைக்காட்சித் தொடர்களில் பல்லவ அரசிக்கு ரவிக்கையும் ஜரிகைப் பட்டும் அணிவிப்போர் உளர். அது பொருந்துமா என்பதைக் கல்லிடமே கேட்கலாம். மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் சிம்மவிஷ்ணு அமர்ந்தும், மகேந்திரன் நின்றும், ஒவ்வொருவரும் தேவியர் இருவருடன் காட்சி தருகின்றனர். பெயர்கள் மேலே பொறிக்கப்பெற்றுள்ளன. எந்த மகேந்திரன் என்ற வழக்கு அறிஞரிடையே உண்டு. உடையை ஆராய்வோர்க்கு அவ்வழக்கு இடையூறன்று. எவர் உடலிலும் தைத்த சட்டை இல்லை.

நம் காஞ்சியின் கோர்வைக் கரை, இருவர் கைகூடி நெய்யும் அரிய வேலைப்பாடு. எனினும் இன்று அக்கரையில் அடர்ந்த பூவேலையை எழுப்பும் ஜக்கார்டு, 1804-ஐ ஒட்டிப் பிரான்சில் தோன்றிய கருவி. அத்தகைய கரையைப் பல்லவ அரசியின் உடையில் நான் ஒப்பேன். ரவிக்கையை இக்கால நாணத்தின் பொருட்டு விட்டுக்கொடுக்கலாம். நிறத்தைப் பற்றி மட்டும் வாய்திறவேன். கல் அதனைச் சொல்லவில்லை.