எடை பார்க்கும் இடைவெளி

உடல் எடையைக் குறைக்க முயல்பவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடைக்கருவியில் ஏற வேண்டும் என்பதில் மருத்துவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. தினமும் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, வாரம் ஒருமுறை போதும் என்பவர்கள் உண்டு, கருவியையே வீட்டைவிட்டு அகற்றச் சொல்பவர்களும் உண்டு. புனே நகரின் வடமேற்கே முளா ஆற்றங்கரையில் அமைந்த ஔந்த் பகுதியை வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. ஹிஞ்சவாடியின் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த இந்தப் புறநகரில் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் குறைவில்லை. அரசின் மாவட்ட மருத்துவமனையும் நெஞ்சக நோய் மருத்துவமனையும் இங்கேயே இருக்கின்றன. கூடத்தில் எடை குறைந்தால் மகிழ்ச்சி. காசநோய்ப் பிரிவில் கூடினால்தான் மகிழ்ச்சி.

  

ஒரு நாள் எண்ணின் மதிப்பு

ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை தேவை. தினமும் 500 கலோரி குறைத்து உண்பவர் ஒரு நாளில் இழக்கும் கொழுப்பு சுமார் 65 கிராம்தான். வீட்டுக் கருவிகள் பலவற்றில் மிகச் சிறிய அளவே 100 கிராம் என்பதால் அந்த இழப்பு திரையில் தெரியவே தெரியாது. அதே நாளில் நீர், உப்பு, உணவு, மலம் ஆகியவற்றால் எடை ஒரு கிலோவுக்கு மேலும் ஏறி இறங்கும். அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அரைக் கிலோ கூடியிருக்கும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தின் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கிறது. சோற்றையும் சப்பாத்தியையும் சட்டென்று குறைப்பவருக்கு முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்குவது பெரும்பாலும் இந்த நீரால்தான். மீண்டும் சாப்பிட்டால் அது திரும்பி வரும். மாதவிடாயை ஒட்டிய நாள்களில் பெண்கள் பலருக்கு நீர் தங்கி எடை கூடுவதும் இயல்பு.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிது என்பதை 2024 ஆகஸ்டில் நாடே பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 கிலோ மல்யுத்தப் பிரிவில் முதல் நாள் காலை வரம்புக்குள் இருந்த வினேஷ் போகத், மூன்று போட்டிகளுக்குப் பின் உண்டும் பருகியும் மாலையில் வரம்பைவிட 2.7 கிலோ கூடுதலாக இருந்தார். இரவு முழுக்க முயன்றும் மறுநாள் காலை 100 கிராம் மிஞ்சி நின்றது; இறுதிப் போட்டி பறிபோனது. அந்த 2.7 கிலோவில் கொழுப்பு இருந்திருக்க வழியில்லை. மல்யுத்தத்தில் அளவுகோல் அந்த நொடியின் எடைதான். எடை குறைப்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, ஆனாலும் பலர் தினமும் காலையில் அந்தப் போட்டியைத் தங்களுக்கே நடத்திக்கொள்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

தன்னையே எடைபோட்டு ஆராய்ந்தவர்களில் முன்னோடி இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ. தராசில் தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் கழித்ததையும் பல்லாண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614-இல் நூலாக வெளியிட்டார். உண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறுகிறது என்பது அவர் கண்டது.

இக்காலச் சான்றுகளில் எடுத்துச் சொல்லத் தக்கது, ரீனா விங் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே எடை குறைத்திருந்த 314 பேர், அதைக் காத்துக்கொள்வதற்காக 18 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். நேரில் கூடிய குழுவினருக்கும் இணையக் குழுவினருக்கும் தினமும் எடை பார்க்கவும், சற்றுக் கூடினால் மஞ்சள், 2.3 கிலோ கூடினால் சிவப்பு என்று கொண்டு உடனே உணவையும் பயிற்சியையும் திருத்தவும் கற்பிக்கப்பட்டது. செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 விழுக்காட்டினர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பப் பெற்றனர்; நேரில் கூடிய குழுவில் அது 46 விழுக்காடு. விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைத்த எடையை நெடுங்காலம் காத்துவருவோரில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள்.

இதைப் படித்துவிட்டுக் கருவி வாங்க ஓடுவது அவசரம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் வேறெந்த உதவியும் சேர்க்காமல் தினமும் எடை பார்க்கச் சொன்ன சோதனை ஒன்று 2014-இல் வெளியானது. அதில் குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. எடை பார்ப்பது தானாக எதையும் குறைப்பதில்லை. கண்ட எண்ணுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானித்திருப்பவருக்குத்தான் அது உதவுகிறது. எத்தனை முறை என்பதைவிட இதுவே முக்கியமென்பது இக்கட்டுரையாளர் கருத்து.

புனே காட்டிய குறை

எடைக்கருவி சொல்லாமல் விடுவது எது என்பதை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் சில இதே நகரில் பிறந்தவை. புனே கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்ஞிக் குழுவினர் 1993-இல் நகரை அடுத்த ஆறு கிராமங்களில் கருவுற்ற பெண்களைப் பின்தொடரத் தொடங்கினர். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவற்றுக்கு 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்த புனேக் குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்தும் கொழுத்தும் இருக்கும் இந்த உடலமைப்பே இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலும் நீரிழிவு வருவதன் ஒரு விளக்கமாகக் கருதப்படுகிறது.

2004-இல் லான்செட் இதழில் யாஜ்ஞிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வந்தது. இருவரின் உடல் நிறை குறியீட்டு எண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்ஞிக்குக்கு 21.2. இருவரும் தினமும் எடை பார்த்திருந்தாலும் கருவி இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்காது. எனவே இந்தியர்களுக்கு மிகையெடை 23-இலும் பருமன் 25-இலும் தொடங்குவதாக 2009-இல் இந்திய வல்லுநர்கள் வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. வரம்பு. ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) 25-ஐ எட்டியவர்களையும் தாண்டியவர்களையும் மட்டுமே எண்ணினாலும், தமிழகப் பெண்களில் 40 விழுக்காட்டினர் அதில் வருகிறார்கள். மகாராட்டிரத்தில் அது 23 விழுக்காடுதான்.

மராத்தி மண்ணின் இரண்டு பெரும் உணவு வாதங்களும் இந்த இடத்தில் சந்திக்கின்றன. ஒரு நாளில் இருமுறை மட்டும் உண்ணச் சொல்லும் மருத்துவர் ஜகன்னாத் தீட்சித், தொடங்கும்முன் எடையோடு இடுப்பையும் அளந்து, மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, வெறும் வயிற்று இன்சுலின் சோதனைகளையும் செய்யச் சொல்கிறார். மும்பையின் ருஜுதா திவேகரோ எடை என்ற எண்ணையே பெரிதாக நம்பாதவர். அடிக்கடி சிறிதளவு உண்ணச் சொல்பவர். சாப்பாட்டு வேளையில் எதிரெதிராக நிற்கும் இருவரும், கிலோ மட்டும் போதாது என்பதில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

நடைமுறை

பார்ப்பதென்றால் காலையில், கழிப்பறைக்குப் போய்வந்தபின், எதுவும் உண்ணாமல், ஒரே மாதிரி மெல்லிய உடையில், ஒரே கருவியில், சமதளத் தரையில் பார்ப்பது வழக்கம். விரிப்பின்மேல் வைத்த கருவி பிழையாகக் காட்டும். கூடத்துக் கருவியையும் வீட்டுக் கருவியையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

தினமும் பார்ப்பவர் ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் நீரின் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கிவிடும். வாரம் ஒருமுறை பார்ப்பவர் கிழமையை மாற்றக்கூடாது. சனி, ஞாயிறில் மிசளும் பிரியாணியுமாக வெளியே சாப்பிடும் ஔந்த்வாசிக்குத் திங்கள்கிழமை எடை ஏறியே இருக்கும், வெள்ளிக்கிழமை இறங்கியிருக்கும். வார இறுதியில் ஏறி வார நாள்களில் இறங்கும் இந்த அலையை ஆய்வாளர்கள் பலநாட்டுத் தரவுகளிலும் கண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் வெள்ளியும் மறுவாரம் திங்களும் பார்த்தால், கிடைப்பது வீண் கவலை. இடுப்பை மாதம் ஒருமுறை நாடாவால் அளந்தால் போதும். அந்த நாடாவின் விலை கருவியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

உணவுண்ணும் கோளாறு உள்ளவர்களும் முன்பு இருந்தவர்களும் மருத்துவர் சொல்லாமல் எடை பார்க்காதிருப்பது நல்லது. வளரிளம் பெண்களிடம் அடிக்கடி எடை பார்க்கும் பழக்கமும் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்பட்டிருக்கின்றன. மாறாக, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மெலிய விரும்பினாலும் இல்லாவிட்டாலும் தினமும் பார்த்தாக வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறுவது உடலில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி, உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை.

எடை கூடுவதே நல்ல அறிகுறியான காசநோய்ச் சிகிச்சையில் அது மாதந்தோறும் பதியப்படுகிறது. மாத்திரை அளவும் எடைப்படியே. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை கூடிய நோயாளிகளுக்கு மரண ஆபத்து 61 விழுக்காடு குறைந்திருந்தது.

எடை குறைப்புக்காக 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைட், செமகுளுடைட் ஊசிகள் வாரம் ஒருமுறை போடப்படுபவை என்பதால் ஊசி நாளே எடை நாளாகவும் ஆகிவருகிறது. இந்த மருந்துகளால் இறங்கும் கிலோக்களில் ஒரு பங்கு கொழுப்பில்லாத திசுக்களுக்கு உரியது. பிறப்பிலேயே தசை குறைந்த இந்திய உடலில் அது சிறு இழப்பல்ல. அதனால் புரத உணவும் தசையை வலுவாக்கும் பயிற்சியும் சேர்த்தே பரிந்துரைக்கப்படுகின்றன.