துறைமுகத்தைத் தேர்ந்தவர் யார்?

பண்டாரவளைக்குக் கொழும்பைவிடத் தென்கடலே அண்மை. எனினும் ஊவாவின் விளைபொருள் மேற்கே மலையேறிக் கொழும்புக்கே சென்றது. ஏன்?

1875இல் தொடங்கி 1885இல் முடிந்த அலைதடுப்பணை, காலித் துறைமுகத்தின் முதன்மையைக் கொழும்புக்கு மாற்றியது. அத்துறைமுகத்திலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையை அடைந்தது; பதுளையை எட்டியதோ 1924இல்தான்.

அது தோட்டத்துரைமாரின் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமென அமைந்த வழி. உலர்ந்த தேயிலை கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும். சிற்றுழவனின் பேரிக்காய் காத்திருக்குமா? கனிக்கு விரைவும் குளிரறையும் வேண்டும். பாதை வகுத்தோர் அவனைக் கேட்டிலர். கொழுந்து பறித்தவளையும் கேட்டிலர். அவள் இனத்தாருட் பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே மறுத்தது.

வரைபடத்தில் இருப்புப்பாதையைக் காட்டும் ஆசிரியர், அது யாருடைய சரக்குக்காக மலையேறியது என்பதையும் மாணவர்க்கு உரைத்தல் வேண்டும்.