காவலர் பணியமர்த்தமும் ஓய்வூதிய விதிமாற்றமும்

சென்னை மாகாணக் காவல்துறை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் உருப்பெற்றது. குறைந்த ஊதியத்தால் விலகுவோர் மிகுந்த அத்துறையில், நெடும்பணிக்குப் பின் கிடைக்கும் ஓய்வூதியமே காவலரைப் பிணித்து வைத்தது. அப்பிணைப்பு 1.4.2003இல் தளர்ந்தது. அன்றுமுதல் தமிழ்நாட்டு அரசுப்பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்தனர். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றில் 10 விழுக்காடு பிடித்தம் செய்யப்பட்டது. மைய அரசு 2004இல் தன் புதிய திட்டத்திலிருந்து முப்படையினருக்கு விலக்களித்தது. மாநிலக் காவலருக்கோ அத்தகைய விலக்கு இல்லை. கார்த்திகைத் தீபத்தன்று அடி அண்ணாமலைக் கிரிவலப் பாதையில் ஒருங்கே காவல்நிற்கும் இருவரின் முதுமைக்கால வருவாயைப் பணியில் சேர்ந்த நாளே (திறனோ பணிச்சுமையோ அன்று) பிரித்தது. ஓய்வு வயது 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டமை தக்கவைத்தல்போல் தோன்றினும், பணப்பயன்களை ஒத்திவைத்ததாகக் கொள்வதே பொருந்தும்.