கிறீச்... ஒரு பிரேக் வரலாறு

தேன்கனிக்கோட்டையிலேர்ந்து அஞ்செட்டிக்கு இறங்குற மலைப்பாதையில சைக்கிள் பிரேக் பிடிச்சா கிறீச்சுங்குதா? அந்தச் சத்தத்துக்கும் வரலாறு உண்டு மக்களே!

1949-ல தொடங்கின டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் செஞ்சது. அந்தக் கால வண்டியில கம்பி பிரேக். கட்டை ரிம்மோட உள்பக்கத்தை அழுத்தும். 1996-ல ஷிமானோவோட வி-பிரேக் வந்துச்சு. நீளமான ரெண்டு கை, ரிம்மை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். ரப்பர் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுறப்போ கை அதிரும். அதான் கிறீச்!

வைத்தியம் எளிசு. ரிம்மைத் துடைங்க. கட்டையை உப்புத்தாளால தேய்ங்க. கட்டையோட முன்முனை ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடுற மாதிரி முடுக்குங்க.

எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க. சத்தம் நிக்கும், வண்டி நிக்காது!