நகர்பேசி இயங்குதளங்களில் பின்னணிச் செயலாக்கம்

பின்னணிச் செயலாக்கம் என்பது திரையில் தோன்றாத நிலையிலும் ஒரு நகர்பேசிச் செயலி தனது பணியைத் தொடர்வதைக் குறிக்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டே மின்னஞ்சலைப் படிப்பதும், திரை அணைந்திருக்கும்போது செய்திகள் வந்து சேர்வதும் இதனாலேயே இயல்கின்றன. எந்தச் செயலி எப்போது, எவ்வளவு நேரம் பின்னணியில் இயங்கலாம் என்பதை யார் முடிவு செய்வது என்பது இத்துறையின் அடிப்படை வினாவாகும். ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு ஆகிய இரு இயங்குதளங்களும் இதற்கு எதிரெதிரான விடைகளுடன் தொடங்கிப் பின்னர் ஒன்றையொன்று நெருங்கி வந்துள்ளன.

சிக்கலின் தன்மை

நகர்பேசிக்கு இரண்டு முக்கிய வரம்புகள் உள்ளன. முதலாவது நினைவகம். மேசைக் கணினியில் நினைவகம் நிரம்பினால் பயன்படாத பகுதிகள் வட்டுக்கு மாற்றப்படுகின்றன. நகர்பேசிகளின் பிளாஷ் சேமிப்பகத்தில் எழுதும் தடவைகளுக்கு வரம்பு உண்டு என்பதால் இம்முறை பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. மாறாக, இடம் போதாதபோது பின்னணியில் உள்ள செயலி ஒன்றை இயங்குதளம் நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது மின்கலம். பயன்பாட்டில் இல்லாத நகர்பேசியின் மையச் செயலகம் ஆழ்ந்த உறக்க நிலைக்குச் செல்கிறது. பின்னணியில் நிகழும் ஒரு சிறு பணியும் அதனை எழுப்பிவிடும். மேலும், செல்பேசி வலையமைப்பில் தரவை அனுப்பி முடித்த பின்னரும் வானொலிப் பகுதி சில நொடிகள் உயர்மின் நிலையிலேயே இருக்கும். எனவே பத்துச் சிறு பரிமாற்றங்களைத் தனித்தனி நேரங்களில் செய்வது, அவற்றை ஒரே தடவையில் செய்வதைவிடக் கூடுதல் மின்னாற்றலைச் செலவிடுகிறது.

ஐஓஎஸ்

2008 இல் ஆப்பிள் நிறுவனம் பிறர் உருவாக்கிய செயலிகளை ஐபோனில் அனுமதித்தபோது, அவை பின்னணியில் இயங்குவதற்கு இடமளிக்கவில்லை. 2009 இல் தள்ளு அறிவிப்பு முறை அறிமுகமானது. இதன்படி ஒவ்வொரு செயலியும் தனது வழங்கியைத் திரும்பத் திரும்ப வினவ வேண்டியதில்லை. இயங்குதளம் பேணும் ஒரே இணைப்பின் வழியே எல்லாச் செயலிகளுக்குமான அறிவிப்புகளும் வருகின்றன. 2010 இல் வெளியான ஐஓஎஸ் 4, ஒலி இயக்கம், இணையவழி அழைப்பு, இருப்பிடம் அறிதல் போன்ற குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் பின்னணி அனுமதி அளித்தது. ஏனைய செயலிகள் சிறிது நேரத்தில் உறைநிலைக்குச் செல்லும். உறைநிலையில் உள்ள செயலி நினைவகத்தில் இருக்குமே தவிர மையச் செயலகத்தைப் பயன்படுத்தாது. 2013 இல் வெளியான ஐஓஎஸ் 7, செயலிகள் அவ்வப்போது விழித்துப் புதிய தரவைப் பெற வழி செய்தது. எனினும் விழிக்கும் நேரத்தை இயங்குதளமே தீர்மானிக்கிறது.

ஆண்ட்ராய்டு

2008 இல் வெளியான ஆண்ட்ராய்டு, தொடக்கத்திலிருந்தே பின்னணிச் சேவைகளை அனுமதித்தது. நினைவகம் குறையும்போது முதன்மை குறைந்த செயலிகளிலிருந்து தொடங்கி நிறுத்துவதே அதன் முறை. ஆனால் மையச் செயலகத்தை உறங்கவிடாமல் தடுக்கும் 'விழிப்புப் பூட்டு' எனும் வசதியைக் கவனமின்றிக் கையாண்ட செயலிகள் மின்கலத்தை விரைவில் தீர்த்தன. இதனால் கட்டுப்பாடுகள் படிப்படியாகக் கூட்டப்பட்டன.

2014 (ஆண்ட்ராய்டு 5.0): பணிகளைத் தொகுத்து உரிய வேளையில் இயக்கும் அட்டவணைப்படுத்தி.
2015 (6.0): அசைவின்றி, மின்னேற்றம் இன்றி, திரை அணைந்து கிடக்கும் கருவியில் வலையமைப்பையும் விழிப்புப் பூட்டுகளையும் இடைநிறுத்தும் 'டோஸ்' எனும் துயில்நிலை.
2017 (8.0): பின்னணிச் சேவைகளுக்கும் பின்னணியில் இருப்பிடம் அறிவதற்கும் வரம்பு.
2018 (9): பயன்பாட்டு அளவைப் பொறுத்துச் செயலிகளை வகைப்படுத்தி வாய்ப்பளித்தல்.
2023 (14): பயனருக்குத் தெரியும்படி இயங்கும் முன்னணிச் சேவைகள் தமது வகையை முன்கூட்டியே அறிவித்தல்.

கட்டுப்பாட்டின் விலை

கட்டுப்பாடுகள் பயனுள்ள செயலிகளையும் பாதிக்கக்கூடும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது இது வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் சிங்கப்பூர் வெளியிட்ட தொடர்புத் தடமறியும் செயலி, புளூடூத் வழியே அருகிலுள்ள கருவிகளைப் பதிவு செய்தது. ஐபோனின் பின்னணி வரம்புகளால், அதனை ஐபோனில் திரையிலேயே திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் பிரித்தானியாவின் வைட்டுத் தீவில் சோதிக்கப்பட்ட செயலி, அருகிலிருந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கண்டறிந்தது. ஐபோன்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே கண்டறிந்தது. ஜூனில் அம்முயற்சி கைவிடப்பட்டு, ஆப்பிளும் கூகுளும் இணைந்து இயங்குதளத்திலேயே அமைத்த முறை ஏற்கப்பட்டது. ஓர் அரசின் பொதுநலச் செயலிகூட இயங்குதளம் வகுத்த எல்லையைத் தாண்ட முடியவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

சில ஆண்ட்ராய்டு கருவி உற்பத்தியாளர்கள் தாமும் கூடுதல் கட்டுப்பாடுகளைச் சேர்க்கின்றனர். இவற்றால் எழுப்புமணி, மருந்து நினைவூட்டி போன்ற செயலிகள் உரிய நேரத்தில் ஒலிக்காமல் போவதுண்டு.

பயனரின் பங்கு

அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றையும் தள்ளி மூடினால் மின்கலம் நீடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உறைநிலையில் உள்ள செயலி மையச் செயலகத்தைப் பயன்படுத்தாததால் அதனை மூடுவதில் பெரும்பாலும் பயனில்லை. மீண்டும் திறக்கும்போது அனைத்தையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் செலவு கூடவும் கூடும். மேலும் ஐஓஎஸ்சில் இவ்வாறு மூடப்பட்ட செயலி, பயனர் மீண்டும் திறக்கும்வரை பின்னணியில் தரவைப் புதுப்பிப்பதில்லை. முடங்கிப்போன செயலியை நிறுத்துவதற்கே இவ்வசதி ஏற்றது. எந்தச் செயலி பின்னணியில் எவ்வளவு மின்னாற்றலைச் செலவிட்டது என்பதை இரு இயங்குதளங்களின் மின்கல அமைப்புப் பக்கங்களிலும் காணலாம். மிகுதியாகச் செலவிடும் செயலிக்கு மட்டும் பின்னணி அனுமதியை நீக்கினால், நினைவூட்டிகள் போன்ற தேவையான செயலிகள் பாதிப்பின்றி இயங்கும்.