மாடுலர் சிந்தசைசர் ஒலிகளைத் தானியங்கு முறையில் மாதிரியெடுத்தல்

மாடுலர் சிந்தசைசர் என்பது அலையியற்றி, வடிகட்டி, மிகைப்பி முதலிய தனித்தனிக் கூறுகளைக் கம்பிகளால் இணைத்து ஒலியை உருவாக்கும் மின்னணு இசைக்கருவி ஆகும். அவ்வொலியைச் சுரம் சுரமாகக் கணினியில் பதிந்து, விசைப்பலகையில் வாசிக்கத்தக்க கருவியாக மாற்றும் பணியை மென்பொருளிடம் ஒப்படைப்பது தானியங்கு மாதிரியெடுத்தல் எனப்படுகிறது.

தேவை

ராபர்ட் மூக் 1964 இல் உருவாக்கிய முன்மாதிரி முதல் இன்றைய யூரோராக் கருவிகள் வரை, பெரும்பாலான மாடுலர்களுக்கு நினைவகம் இல்லை. கம்பிகளைப் பிடுங்கிவிட்டால் அதே ஒலியை மீண்டும் பெறுவது அநேகமாக இயலாது. இணைப்புகளைப் புகைப்படம் எடுத்து வைப்போர் உண்டு. எனினும் குமிழ் ஒன்று மயிரிழை விலகினாலும் ஒலி மாறிவிடும். மேலும் இவை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிப்பவை. மாதிரியெடுத்த பின்னர் அதே ஒலியில் பல சுரங்களைச் சேர்த்து வாசிக்கலாம்.

செயற்பாடு

மென்பொருள் ஒரு மிடி சுரத்தை அனுப்புகிறது. மிடி-மின்னழுத்த மாற்றி அதனை மின்னழுத்தமாக மாற்றி அலையியற்றிக்கு அளிக்கிறது. பரவலாக உள்ள முறையில் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட்டு. எனவே ஓர் அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ட்டு. ஒலி இடைமுகம் வழியே வரும் ஒலியைப் பதிந்து, சுரத்தின் எண்ணைக் கோப்பின் பெயரில் சேர்த்து, மென்பொருள் அடுத்த சுரத்துக்குச் செல்கிறது.

ஐந்து ஸ்தாயிகளில் மூன்று அரைச்சுரங்களுக்கு ஒன்றாக 21 சுரங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 அழுத்த நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் 3 பதிவுகள் எனக் கொண்டால் 252 பதிவுகள் ஆகும். பதிவு ஒன்றுக்கு 10 நொடி வீதம் 42 நிமிடங்கள். 48 கிலோஹேர்ட்சு, 24 பிட்டு, ஒற்றைத்தட ஒலியில் இது சுமார் 363 மெகாபைட்டு. கையால் செய்தால் ஒரு நாள் முழுதும் பிடிக்கும் வேலை இது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஆட்டோ சாம்ப்ளர், ஸ்கைலைஃப் நிறுவனத்தின் சாம்பிள்ரோபாட் ஆகியன இதற்கான மென்பொருட்கள். நிரலாக்கம் அறிந்தோர் பைத்தான் மொழியில் சிறு நிரலாகவும் எழுதிக்கொள்ளலாம். அது அப்படியொன்றும் கடினமானதன்று.

சிக்கல்கள்

பதிவு நடக்கும் 42 நிமிடங்களில் கருவி சூடேறினால் அலையியற்றியின் சுருதி விலகும். 5 மில்லிவோல்ட்டுக்கு நிகரான பிழையே 6 சென்ட்டு, அதாவது அரைச்சுரத்தில் நூறில் ஆறு பங்கு. ஆகவே அரை மணி நேரம் முன்னதாகவே கருவியை இயக்கி வைத்தல் நன்று. முதலில் பதிந்த சுரத்தை இறுதியில் மீண்டும் பதிந்து ஒப்பிட்டால் விலகல் தெரிந்துவிடும்.

தொடக்க அமைதியை ஒலியளவு கொண்டு வெட்டும் முறை, மெதுவாக எழும் ஒலிகளில் அவற்றின் தொடக்கத்தையே வெட்டிவிடும். மொத்தத் தாமதத்தை ஒருமுறை அளந்து, எல்லாப் பதிவுகளிலும் அதே அளவை நீக்குவதே சரியான வழி.

பதியாத சுரங்கள் அருகிலுள்ள பதிவின் வேகத்தை மாற்றிப் பெறப்படுகின்றன. ஓர் அரைச்சுரம் உயர்த்தினால் வேகம் ஏறத்தாழ 6% கூடும். ஒலியிலுள்ள அதிர்வும் அசைவும் அவ்வளவு விரைவுபடும். ஒலிக்கும்போதே குமிழைத் திருப்பி வடிகட்டியை அசைக்கும் வசதி மாதிரியில் கிடையாது. பதிந்த அசைவு மட்டுமே அதில் இருக்கும்.